வலி மாத்திரை எடுத்துவந்தவர் குடிக்கான மருந்தை எப்போது தொடங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியை விட விரும்புகிறவர்களுக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் மருந்துகளில் நால்ட்ரெக்சோன் முக்கியமானது. ஆனால் ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மருந்துகளை அண்மையில் எடுத்துவந்த ஒருவர் அதை விழுங்கினால், சில நிமிடங்களிலேயே கடுமையான உபாதைக்கு ஆளாக நேரிடும். விபத்து, அறுவை சிகிச்சை, தீராத முதுகுவலி என ஏதோ ஒரு காரணத்தால் அத்தகைய மாத்திரைகளுக்குப் பழகியவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. ஒவ்வொருவருக்கும் உரிய அளவையும் நாளையும் அவரை நேரில் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நால்ட்ரெக்சோன் என்ன செய்கிறது?

மது உள்ளே போனதும் மூளையில் எண்டார்பின் என்னும் இயற்கைப் பொருள் சுரக்கிறது. அது ஓபியாய்டு ஏற்பிகள் எனப்படும் இடங்களில் போய் ஒட்டும்போதுதான் குடித்தவருக்கு அந்த இதமும், இன்னும் ஒரு சுற்று வேண்டும் என்ற உந்துதலும் உண்டாகின்றன. நால்ட்ரெக்சோன் அந்த ஏற்பிகளை முன்கூட்டியே அடைத்துக்கொள்கிறது. குடித்தாலும் பழைய சுகம் கிடைப்பதில்லை; நாளடைவில் ஏக்கமும் தணிகிறது. அமெரிக்காவில் 1984இல் ஓபியாய்டு அடிமைத்தனத்துக்கும், 1994இல் மதுவுக்கும் இது அனுமதி பெற்றது. வழக்கமான அளவு நாளொன்றுக்கு 50 மில்லிகிராம்.

இது எல்லாருக்கும் பலிக்கும் மருந்து என்று சொல்ல முடியாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சுமார் 12 பேருக்குக் கொடுத்தால் அவர்களில் கூடுதலாக ஒருவர் மிகுகுடிக்குத் திரும்பாமல் காக்கப்படுகிறார் என்று தெரிந்தது. ஆலோசனையும் குடும்பத்தின் துணையும் சேரும்போது பலன் இன்னும் நன்றாக இருக்கும். குடிக்கான இன்னொரு மருந்தான டைசல்ஃபிராம் போல, மதுவுடன் சேர்ந்து முகம் சிவத்தல், வாந்தி, படபடப்பு ஆகியவற்றை இது உண்டாக்குவதில்லை.

அது மதுவுக்கான மருந்துதானே? வலி மாத்திரையோடு ஏன் மோத வேண்டும்?

டிரமடால், கோடீன், மார்பின் போன்றவை வலியைத் தணிப்பதும் அதே ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டுதான். அவற்றை வாரக்கணக்கில் எடுத்துவந்த உடல் அவை இருக்கும் நிலையையே இயல்பாக ஏற்றுக்கொண்டுவிடுகிறது. நால்ட்ரெக்சோனின் பிடி அவற்றின் பிடியைவிட வலுவானது. ஆகவே அது வந்ததும் ஏற்பிகளில் இருந்த ஓபியாய்டு முழுவதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது. மாத்திரையைத் தானாக நிறுத்தும்போது ஓரிரு நாட்களில் மெல்லத் தலைகாட்டி ஏறும் விலகல் அறிகுறிகள், இப்போது சில நிமிடங்களுக்குள் மொத்தமாக வந்து விழுகின்றன.

கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், வியர்வை, மயிர்க்கூச்சம், வயிற்றுப் பிடிப்பு, அடக்க முடியாத வாந்தியும் பேதியும், இருக்க முடியாத தவிப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். சிலருக்கு மனக்குழப்பமும் இல்லாத உருவங்கள் தெரிவதும் உண்டு. மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பு, விழுங்கிய 5 நிமிடங்களில் தொடங்கி 48 மணி நேரம் வரை இந்நிலை நீடித்ததாகப் பதிவு செய்கிறது. ஏற்கெனவே குடியால் ஈரலும் இதயமும் தளர்ந்த ஒருவருக்கு இந்த அளவு நீரிழப்பு மிகவும் ஆபத்தானது.

நான் போதை மருந்து எதுவும் எடுப்பதில்லை. இந்த எச்சரிக்கை எனக்கும் பொருந்துமா?

பொருந்தலாம். பெரும்பாலும் தவறு நிகழ்வது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஓபியாய்டு என்றதும் ஹெராயினும் ஊசியும் நினைவுக்கு வருகின்றன. வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரை நினைவுக்கு வருவதில்லை. எலும்பு முறிவுக்கோ அறுவை சிகிச்சைக்குப் பிறகோ தரப்படும் டிரமடால், பாரசிட்டமாலும் டிரமடாலும் சேர்ந்த கூட்டு மாத்திரைகள், டபென்டடால், பென்டசோசின் ஊசி, கோடீன் கலந்த இருமல் மருந்து, தோலில் ஒட்டும் புப்ரெனார்பின் அல்லது ஃபென்டானில் பட்டை, புற்றுநோய் வலிக்கான மார்பின் மாத்திரை ஆகிய அனைத்தும் இந்த வகையே. பேதிக்குத் தரப்படும் டைஃபினாக்சிலேட்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இந்தியாவில் டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது.

சாதாரண பாரசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் ஆகியவை ஓபியாய்டுகள் அல்ல. அவற்றை எடுத்திருந்தால் நால்ட்ரெக்சோனைத் தொடங்கக் காத்திருக்க வேண்டியதில்லை.

மாத்திரை அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கொட்டை எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் வரிசையாக உள்ள வேதிப்பெயர்களே நமக்குத் தேவை. கடையில் நான்கு மாத்திரையை மட்டும் கத்தரித்துக் கொடுத்திருந்தால் அந்த வரி பாதியில் அறுந்து, 'டால்' என்ற வால் மட்டும் மிஞ்சியிருக்கலாம். உடம்புவலிக்கு 'ஒரு செட்' என்று கேட்டு, காகிதத்தில் மடித்துக் கொடுத்ததை வாங்கி விழுங்கியிருந்தால் பெயரே இருக்காது. அப்படியானால் ஊகிக்காமல், மிச்சமிருக்கும் மாத்திரை, வெறும் அட்டை, பழைய மருந்துச் சீட்டு, மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது கொடுத்த குறிப்பு என இருப்பதை எல்லாம் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பெயர் தெரியாத மாத்திரையை ஓபியாய்டாக இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

கடைசி மாத்திரைக்குப் பிறகு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

டிரமடால், டபென்டடால், கோடீன், மார்பின், ஹெராயின் போன்று குறுகிய நேரம் வேலை செய்பவற்றுக்குக் குறைந்தது 7 முதல் 10 நாட்கள். மெதடோன், புப்ரெனார்பின் போன்று உடலில் நெடுநேரம் தங்குபவற்றுக்கு இரண்டு வாரம் வரை ஆகலாம். கணக்கு கடைசியாக எடுத்த வேளையிலிருந்து தொடங்குகிறது. நடுவில் வலி தாங்காமல் ஒரு மாத்திரை போட்டிருந்தால், அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்; நாட்களை மீண்டும் முதலிலிருந்து எண்ணுவதா என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

இந்த எண்கள் வழிகாட்டிகளே. அதிக அளவில், நீண்ட காலம் எடுத்தவர்களுக்கும், ஈரலோ சிறுநீரகமோ பழுதுபட்டு மருந்து மெல்ல வெளியேறுபவர்களுக்கும் கூடுதல் நாட்கள் தேவைப்படலாம். பட்டை ஒட்டியிருந்தவர்களுக்கு அதைக் கழற்றிய பிறகும் தோலுக்கடியில் தங்கிய மருந்து சில காலம் இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். காத்திருப்பதைச் சிகிச்சை தள்ளிப்போவதாக எண்ணிக் குடும்பத்தினர் பதறுவது இயல்பே. ஆனால் அவசரப்பட்டுத் தொடங்கி, அந்த முதல் மாத்திரையிலேயே உயிர் போகும் வேதனையை அனுபவித்தவர் மறுபடி அந்த மருந்தைத் தொடவே மாட்டார். சில சமயம் மருத்துவமனைப் பக்கமே வரமாட்டார். பத்து நாள் பொறுப்பதில் இழப்பதைவிட அதில் இழப்பது மிக அதிகம்.

ஒரே ஒரு முறை வலிக்கு ஊசி போட்டார்கள். அதற்கும் இதே கணக்கா?

ஒரே ஒரு வேளை மருந்தால் உடல் அதற்குப் பழகிவிடுவதில்லை. எனவே தொடர்ந்து எடுத்தவருக்கு உள்ள ஆபத்து இவருக்கு மிகக் குறைவு. எவ்வளவு காலம் பொறுக்கலாம் என்பதை மருத்துவர் தளர்த்தி முடிவு செய்யக்கூடும். ஆனால் 'ஒரே முறை' என்பது உண்மையிலேயே ஒரே முறையாக இருக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் எடுப்பதையும் பலர் 'எப்போதாவது' என்றே சொல்கிறார்கள்.

சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்துத் தொடங்கிவிடலாமா?

பரிசோதனை உதவும்; அதை மட்டும் நம்ப முடியாது. வழக்கமாகக் கிடைக்கும் ஓபியேட் பரிசோதனைப் பட்டை மார்பின், கோடீன், ஹெராயின் ஆகியவற்றைக் கண்டுபிடிக்கும். டிரமடால், டபென்டடால், ஃபென்டானில், புப்ரெனார்பின், மெதடோன் ஆகியவை அதில் பெரும்பாலும் தப்பிவிடும். அவற்றுக்குத் தனித்தனிப் பரிசோதனை வேண்டும். நேற்றுவரை டபென்டடால் எடுத்த ஒருவருக்கும் 'இல்லை' என்றே முடிவு வரலாம். மறுபக்கம், அபின் செடியின் விதையான கசகசாவை நிறையச் சேர்த்த உணவைச் சாப்பிட்டவருக்கு எந்த மாத்திரையும் எடுக்காமலே 'உண்டு' என்று வரக்கூடும். ஆகவே நோயாளி மனந்திறந்து சொல்லும் விவரத்துக்கு ஈடாக எந்தப் பரிசோதனைப் பட்டையும் இல்லை.

முதல் மாத்திரையை எப்படித் தருவார்கள்?

சந்தேகம் இருந்தால் முதலில் நாலக்சோன் சோதனை செய்வதுண்டு. நாலக்சோனும் அதே ஏற்பிகளை அடைக்கும் மருந்துதான். ஆனால் அதன் வேலை சிறிது நேரத்தில் முடிந்துவிடும். குறைந்த அளவை ஊசியாகச் செலுத்தி, சுமார் 20 நிமிடம் நாடித்துடிப்பு, கண்மணியின் அளவு, வியர்வை, கொட்டாவி ஆகியவற்றைக் கவனிப்பார்கள். அறிகுறி ஏதேனும் தெரிந்தால் நால்ட்ரெக்சோனை அன்று தருவதில்லை. சோதனையில் வந்த உபாதை விரைவில் அடங்கிவிடும். நால்ட்ரெக்சோன் தந்திருந்தால் அது ஒரு நாளுக்கும் மேல் நீடித்திருக்கும்.

ஏதும் தெரியாவிட்டால் முதல் நாள் 25 மில்லிகிராம், அதாவது அரை மாத்திரை, மருத்துவமனையிலேயே கொடுத்து உட்காரவைத்துப் பார்ப்பார்கள். தொந்தரவு இல்லையென்றால் மறுநாளிலிருந்து 50 மில்லிகிராம். முதல் சில நாட்களில் குமட்டல், தலைவலி, தலைசுற்றல், அசதி ஆகியவை பலருக்கு வரும். சாப்பிட்ட பிறகு எடுத்தால் குமட்டல் குறையும்.

சில நாடுகளில் மாதம் ஒரு முறை போடும் 380 மில்லிகிராம் ஊசியும் வழக்கத்தில் உள்ளது. போட்டபின் அதை வெளியே எடுக்க வழியில்லை. எனவே உடலில் ஓபியாய்டு இல்லை என்பது உறுதியாகும் முன் அந்த ஊசியை ஒப்புக்கொள்ளக் கூடாது.

காத்திருக்கும் நாட்களில் குடியை நிறுத்திவிடலாமா? கை நடுங்குகிறதே?

நாள்தோறும் அதிகம் குடித்தவர் வீட்டில் தனியாக, திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே மனம் பிதற்றி, இடம் பொருள் தெரியாமல், காய்ச்சலும் படபடப்புமாகச் செல்லும் நிலை சிலருக்கு வரும். அதற்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. நால்ட்ரெக்சோன் இந்த நடுக்கத்தையோ வலிப்பையோ தடுக்காது. அதற்குக் குளோர்டயாசிபாக்சைடு, டயாசிபாம், லோராசிபாம் போன்றவற்றை மருத்துவமனையில் அளந்து கொடுத்து, படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடுவார்கள். குளுக்கோஸ் ஏற்றுவதாயிருந்தால் தயமினை அதற்கு முன்போ அதனுடனோ கொடுப்பது வழக்கம்.

வலி மாத்திரையும் பழக்கத்தில் இருந்தவருக்கு இங்கே மூன்று சிக்கல்கள் கூடுகின்றன. முதலாவது, டயாசிபாம் போன்ற மருந்துகள் ஓபியாய்டுடன் சேர்ந்தால் மூச்சு மந்தமாகி நின்றுவிடக்கூடும். மருத்துவருக்குத் தெரியாமல் இரண்டையும் எடுக்கவே கூடாது. இரண்டாவது, டிரமடால் தானே வலிப்பைத் தூண்டக்கூடியது. குடி நிறுத்தத்தால் வரும் வலிப்பும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். மூன்றாவது, வியர்வையும் தவிப்பும் மது விலகலாலா, மாத்திரை விலகலாலா என்று பிரித்தறிவது கடினம். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், விரிந்த கண்மணி ஆகியவை ஓபியாய்டு பக்கம் கைகாட்டும். கை நடுக்கமும் மனக்குழப்பமும் மதுவின் பக்கம். இரண்டும் ஒன்றாகவே வரவும் கூடும். இதனால்தான் இரண்டையும் எடுத்துவந்தவர் உள்நோயாளியாகச் சேர்வது நல்லது என்று வற்புறுத்த வேண்டியிருக்கிறது.

அதுவரை வேறு மருந்தே இல்லையா?

உண்டு. அகாம்ப்ரோசேட் ஓபியாய்டு ஏற்பிகளைத் தொடுவதே இல்லை. வலி மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போதும் அதைத் தொடங்கலாம். 333 மில்லிகிராம் மாத்திரை இரண்டிரண்டாக, நாளுக்கு மூன்று வேளை எடுக்க வேண்டும். அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் தொடங்கும் முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு பார்க்கப்படும். சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவர்களுக்குத் தர மாட்டார்கள். ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை என்பது சிலருக்குச் சுமைதான். ஆனாலும் ஓபியாய்டைத் தவிர்க்க முடியாதவர்களுக்கு முதலில் யோசிக்க வேண்டிய மருந்து இதுவே என்பது என் கருத்து.

பாக்லோஃபென் ஈரல் சுருங்கியவர்களுக்கும் தரப்படுகிறது. ஆனால் அதுவும் காபாபென்டினும் மயக்கத்தைக் கூட்டுபவை. ஓபியாய்டு உடலில் இருக்கும்போது மூச்சைப் பாதிக்கக்கூடும். டைசல்ஃபிராம் வலி மாத்திரையுடன் இவ்வாறு மோதாது என்றாலும், குடித்து 12 மணி நேரம் கழியாமல் தரக் கூடாது. முழுச் சம்மதமும் வீட்டில் கண்காணிப்பும் இல்லாமல் அது பயன்படாது.

புப்ரெனார்பின் அல்லது மெதடோன் சிகிச்சையில் இருப்பவர் என்ன செய்வது?

அந்தச் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஓபியாய்டு பழக்கத்திலிருந்து அவரைக் காத்துநிற்பது அதுதான். குடிக்கு மருந்து வேண்டும் என்பதற்காக அதைக் கைவிட்டு நால்ட்ரெக்சோனுக்கு மாறுவது, பழைய பழக்கத்துக்கும் அளவுமீறிய மரணத்துக்கும் வழிவிடும். அவருக்கு அகாம்ப்ரோசேட் போன்றவையே ஏற்றவை. புற்றுநோய் வலிக்கு மார்பின் எடுப்பவருக்கும் இதுவே பொருந்தும்.

குடிப்பவருக்குத் தெரியாமல் மருந்தைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

கூடாது. வீட்டில் நாள்தோறும் அடியும் அவமானமும் படும் ஒரு பெண் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவருடைய தவிப்பு நன்றாகவே புரிகிறது. ஆனால் கணவர் கூலி வேலை செய்த உடம்புவலிக்கு யாருக்கும் சொல்லாமல் டபென்டடால் எடுப்பவராக இருந்தால், குழம்பில் கலந்த ஒரு மாத்திரை அவரை அவசரப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். என்ன கொடுக்கப்பட்டது என்று தெரியாமல் மருத்துவர்களும் திணறுவார்கள். டைசல்ஃபிராமை மறைத்துக் கொடுப்பதும் இதே அளவு அபாயமானது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப்பொருள் பழக்கம் சார்ந்த மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. சிகிச்சைக்குத் தெரிந்து தரும் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் போய் ஆலோசனை பெறலாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446 ஆகிய இரண்டிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

வலி மாத்திரை எடுத்திருந்தும் தெரியாமல் நால்ட்ரெக்சோனை எடுத்துவிட்டேன். வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. என்ன செய்வது?

108ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். நால்ட்ரெக்சோனின் பெயர், எடுத்த நேரம், கடைசியாக எடுத்த வலி மாத்திரை, கடைசியாகக் குடித்த நேரம் ஆகிய நான்கையும் சொல்லுங்கள். வேதனையைத் தணிக்க மேலும் வலி மாத்திரை விழுங்காதீர்கள். ஏற்பிகள் அடைபட்டிருப்பதால் அது உடனே வேலை செய்யாது. அடைப்பு விலகும் நேரத்தில் குவிந்த மருந்து எல்லாம் சேர்ந்து மூச்சை நிறுத்திவிடலாம். மருத்துவமனையில் நீரேற்றம், வாந்திக்கு ஊசி, படபடப்புக்குக் குளோனிடின் போன்றவை தந்து, அடங்கும்வரை கவனித்துக்கொள்வார்கள்.

ஈரல் கெட்டிருந்தால் நால்ட்ரெக்சோன் எடுக்கலாமா?

கடுமையான ஈரல் அழற்சி அல்லது ஈரல் செயலிழப்பு இருந்தால் தர மாட்டார்கள். ஈரல் நொதிகள் ஓரளவு உயர்ந்திருப்பது மட்டும் தடையில்லை. குடி குறைந்தாலே அவை இறங்குவதும் உண்டு. தொடங்கும் முன்பும் இடையிடையேயும் இரத்தப் பரிசோதனை வேண்டும். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மருந்து எடுக்கும் காலத்தில் விபத்தோ அறுவை சிகிச்சையோ நேர்ந்தால்?

50 மில்லிகிராம் மாத்திரையின் அடைப்பு ஏறக்குறைய 24 மணி நேரம் நீடிக்கும். அளவு கூடினால் அது இரண்டு மூன்று நாள்கூட நிற்கும். அந்த நேரத்தில் மார்பின் போன்றவை வழக்கமான அளவில் வலியைக் குறைக்கா. முன்கூட்டியே திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் சுமார் 72 மணி நேரத்துக்கு முன் மாத்திரையை நிறுத்துவார்கள். மாத ஊசி போட்டவருக்குச் சுமார் நான்கு வாரம் தேவை. அவசரம் என்றால் நரம்புத் தடை மயக்கம், கீட்டமின், ஓபியாய்டு அல்லாத வலி மருந்துகள் என்று வேறு வழிகள் உண்டு. ஆனால் மயக்க மருத்துவருக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் நினைவிழந்து கிடக்கும்போது சொல்ல ஆள் இருக்காது என்பதால், 'நால்ட்ரெக்சோன் எடுக்கிறேன்' என்று எழுதிய சீட்டை அடையாள அட்டையுடன் வைத்துக்கொள்ளுங்கள்.

நால்ட்ரெக்சோனை நிறுத்தினால் மீண்டும் உபாதை வருமா?

வராது, அது பழக்கமாகும் மருந்து அன்று. குறைந்தது மூன்று மாதம், பலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தருவது வழக்கம். முன்பு ஓபியாய்டுக்குப் பழகியிருந்தவர் மட்டும் ஒன்றை மிகவும் கவனிக்க வேண்டும். இத்தனை மாதத்தில் உடலின் தாங்குதிறன் போய்விட்டிருக்கும். ஒரு காலத்தில் எளிதாகத் தாங்கிய அதே அளவு மாத்திரை இப்போது மூச்சை நிறுத்தப் போதுமானது. மதுவும் சேர்ந்தால் இன்னும் விரைவில். வலி திரும்பி வந்தால் பழைய அட்டையைத் தேடாமல், வலிக்கு வேறு மருந்து கேட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டில் மிஞ்சிய பழைய மாத்திரைகளை அப்புறப்படுத்துவது எப்படி என்றும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.